அறியாது சுமப்பவரின் பொறுப்பு

மூக்குக்குப் பின்னே, தொண்டையின் மேற்பகுதியில், ஈரமும் வெதுவெதுப்பும் மாறாத ஒரு சிறு இடத்தில் குடியிருக்கும் மெனிங்கோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, தான் தங்கும் உடலுக்குப் பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு வேளையில் இதைச் சுமந்திருக்கிறார். அவருக்குக் காய்ச்சலில்லை, தொண்டை வலியில்லை, தன்னிடம் ஒன்று வந்து தங்கிப் போனதென்று அறிய எந்த வழியுமில்லை. இதே பாக்டீரியா இரத்தத்தில் புகுந்து, மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறைகளை எட்டிவிட்டால், பேச்சுவழக்கில் மூளைக்காய்ச்சல் என்றும் மருத்துவ நூல்களில் மூளையுறை அழற்சி என்றும் சொல்லப்படும் நோய் உண்டாகிறது. தக்க சிகிச்சை கிடைத்தவர்களிலும் பத்தில் ஒருவர் இறக்கிறார், பிழைத்தவர்களில் சிலர் செவிப்புலனையோ கைகால்களையோ இழக்கின்றனர். நோயுற்றவருக்கு இக்கிருமியைத் தந்தவர் பெரும்பாலும் மற்றொரு நோயாளி அல்லர். அருகில் உண்டு, உறங்கி, சிரித்துப் பேசிய, நலமாக நடமாடிய ஒருவரே. அந்த மரணத்தில் அவருக்கு ஏதேனும் பங்கு உண்டா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

1805இல் ஜெனீவா நகரில் பரவிய நோயை வியூஸ்யூ என்னும் மருத்துவர் விவரித்தபோதும், 1887இல் வியன்னாவில் வைக்ஸல்பாம் நோயாளிகளின் தண்டுவட நீரில் இந்த பாக்டீரியாவைக் கண்டறிந்தபோதும் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. நோயாளியிடம் கிருமி இருந்தது, நோயாளியே அஞ்சத்தக்கவர், அவரை விட்டு விலகினால் போதும் என்று எண்ண முடிந்தது. 1901இல் ஆல்பிரெக்ட், கோன் ஆகிய இருவரும் நோயற்றவர்களின் தொண்டையிலும் இது வாழ்வதை நிறுவிய பிறகுதான் அந்த எளிமை குலைந்தது. தீங்கு வரும் திசையை முகத்தைப் பார்த்து அறிய முடியாது என்பது அன்று முதல் மருத்துவத்திற்கு ஓர் உண்மையாயிற்று. அறவியல் அதை அவ்வளவு விரைவில் கணக்கில் எடுத்துக்கொண்டதாகச் சொல்வதற்கில்லை.

இந்தச் சுமத்தலின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்க்காமல் மேலே செல்வது பயன்தராது. பாக்டீரியா தன் மேலுள்ள மெல்லிய இழைகளால் தொண்டையின் சளிச்சவ்வைப் பற்றிக்கொண்டு, சில வாரங்களோ சில மாதங்களோ அங்கே தங்குகிறது. இரத்தத்தில் பிழைத்திருக்க அதற்குச் சர்க்கரை மூலக்கூறுகளாலான ஓர் உறை தேவை. அந்த உறையின் வகையை வைத்தே ஏ, பி, சி, டபிள்யூ, ஒய் என்று அது வகைப்படுத்தப்படுகிறது. தொண்டையில் வாழ்வதற்கு உறை அவ்வளவு தேவையில்லை என்பதால், உறையே இல்லாத வகைகளும் அங்கே தாராளமாகக் காணப்படுகின்றன. அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்த வீரர்களை ஆராய்ந்து கோல்ட்ஷ்னைடரும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் வெளியிட்ட முடிவுகள், இக்கிருமியைக் கொல்லவல்ல எதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்தில் இல்லாதவர்களே நோயுற்றனர் என்பதையும், தொண்டையில் கிருமியைச் சுமப்பதே அந்தப் புரதங்களை உடலில் உண்டாக்குகிறது என்பதையும் காட்டின. கிருமி வந்து சேர்ந்த முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் பெரும்பாலும் நோய் தோன்றுகிறது. அதைத் தாண்டிவிட்டவருக்கு அந்தச் சுமையே ஒரு காப்பாக மாறிவிடுகிறது. ஆகவே நெடுநாள் சுமப்பவர் நலம் பெறுகிறார். அவரிடமிருந்து புதிதாகப் பெறுபவரே ஆபத்தில் நிற்கிறார். ஒருவருடைய காப்பு மற்றொருவருக்கு ஆபத்தாகும் இந்த அமைப்பில் எவருடைய எண்ணமும் இல்லை.

கிருமியின் எண்ணமும் இதில் இல்லை என்பது கூடுதல் வியப்பு. மனிதரைத் தவிர வேறெந்த உயிரிலும் வாழாத இந்த பாக்டீரியா, ஒரு தொண்டையிலிருந்து மற்றொரு தொண்டைக்குச் செல்வதால் மட்டுமே தன் குலத்தைத் தொடர்கிறது; இரத்தத்திற்குள்ளும் மூளையுறைக்குள்ளும் நுழைந்த கிருமிக்கு அங்கிருந்து வெளியேறி இன்னொருவரை அடைய வழியில்லை, நோயாளி இறந்தால் அதுவும் அவரோடு மடிகிறது. நோய் என்பது கிருமிக்கும் இழப்பே. தீமை நிகழும் இடத்தில் அதைச் செய்தவன் ஒருவனைத் தேடுவது சமய மனத்தின் பழைய பழக்கம். சினங்கொண்ட தெய்வம், ஏவல், பகைவனின் கண், முற்பிறவி வினை என்று அந்தத் தேடல் பல விடைகளைக் கண்டிருக்கிறது. இங்கோ, கொல்லும் நோக்கம் சுமப்பவரிடமும் இல்லை, கொல்வதால் வரும் ஆதாயம் கிருமியிடமும் இல்லை; விளைவு மட்டும் உண்டு.

நோக்கமில்லாத விளைவைப் பற்றி இந்தியச் சமயங்களுக்குள் நடந்த வாதம் பழமையானது, கூர்மையானது. வினை என்பது எண்ணமே என்பது பௌத்தத்தின் நிலை. தம்மபதத்தின் உரையில் வரும் சக்குபாலர் என்னும் பார்வையற்ற தேரர், மழை பெய்து ஓய்ந்த இரவில் உலாவும்போது அவர் காலடியில் பூச்சிகள் பல நசுங்கி மடிகின்றன. காலையில் அதைக் கண்ட பிற துறவிகள் புத்தரிடம் முறையிட, அவர் கொன்றதை நீங்கள் கண்டீர்களா என்று புத்தர் கேட்கிறார், காணவில்லை என்கின்றனர். நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் பூச்சிகளைக் காணவில்லை, கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை என்பது புத்தருடைய தீர்ப்பாக உரை சொல்கிறது. மெனிங்கோகாக்கஸைச் சுமப்பவருக்கு இதைவிட நிறைவான விடுதலை வேறெங்கும் கிடைக்காது. கண்ணுள்ள எவரும் காண முடியாத ஓர் உயிரின் முன் எல்லாருமே சக்குபாலர்கள்தாம்.

சமணர்கள் இந்த விடுதலையை அவ்வளவு எளிதாக வழங்க மறுத்தனர். அவர்களுடைய ஆகமங்களில் ஒன்றான சூத்திரகிருதாங்கத்தில், ஆர்த்ரகர் என்பவர் பிற சமயத்தாரோடு வாதிடும் பகுதியில், பௌத்தர் ஒருவர் பேசுவதாக ஓர் உதாரணம் வருகிறது: பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று எண்ணிக் குத்தியவன் கொலைகாரன், மனிதனைப் பிண்ணாக்கு என்று எண்ணிக் குத்தியவன் கொலைகாரன் அல்லன் என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு எழுதி வைத்த வாதம் என்பதால் அதில் கேலி கலந்திருக்கும் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், உதாரணம் ஓர் உண்மையான இடத்தைத் தொடுகிறது. மனிதனைப் பிண்ணாக்கென்று ஒருவன் எண்ண நேர்ந்தது எப்படி என்று யாரும் கேட்க வேண்டாமா? ஆர்த்ரகரின் மறுப்பு அங்கிருந்துதான் எழுகிறது. தன்னடக்கம் உள்ளவன் அப்படி எண்ணும் நிலைக்கே வரமாட்டான் என்பது அவர் நிலை.

இதன் முதிர்ந்த வடிவத்தை உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் காணலாம். விழிப்பற்ற மனம், சொல், உடல் ஆகியவற்றின் செயலால் உயிரைப் பிரிப்பதே கொலை என்று அந்நூல் வரையறுக்கிறது. குந்தகுந்தரும் இதே வழியில், உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் விழிப்பற்று நடந்தவனுக்குக் குற்றம் உறுதி என்றும், கவனத்தோடு நடந்தவனுக்கு உயிர் இறந்ததால் மட்டுமே பந்தம் வராது என்றும் கொள்கிறார். எண்ணமா விளைவா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், இரண்டுக்கும் நடுவே கவனம் என்னும் மூன்றாவது அளவுகோலை இவர்கள் நட்டனர். சமணத் துறவிகளில் சில பிரிவினர் வாயில் கட்டும் வெண்துணி இந்தக் கவனத்தின் கண்கூடான வடிவம். மனிதரின் மூச்சிலிருந்து நுண்ணுயிர்களைக் காக்க அவர்கள் கட்டிய துணி, நுண்ணுயிரிடமிருந்து மனிதரைக் காக்கும் மருத்துவமனைத் துணிக்கு இத்தனை நூற்றாண்டுகள் முந்தியது என்பதில் வரலாற்றின் குறும்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

எனினும் சமண அளவுகோலும் இங்கு ஓரிடத்தில் திணறுகிறது. பாதையில் நடப்பவன் நான்கு முழம் முன்னே பார்த்து நடக்கலாம். தன் தொண்டையைப் பார்த்து நடப்பது எப்படி? இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 1997இல் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதித்தபோது, உணவோடு கூடிய விடுதிகளில் முதல் நாளில் நூற்றுக்கு 7 பேரிடம் இருந்த கிருமி, நான்காம் நாளில் நூற்றுக்கு 23 பேரிடம் இருந்தது. அந்த நான்கு நாள்களில் அவர்கள் செய்ததெல்லாம் புதிய நண்பர்களைத் தேடியதும், நெருக்கியடித்து அமர்ந்து பேசியதும், முத்தமிட்டதுமே. எந்தத் தனி மாணவருக்கும் தன்னைப் பற்றித் தெரியாது. ஆனால் அங்கே ஏறத்தாழ நான்கில் ஒருவர் சுமக்கிறார் என்பது கூட்டத்தைப் பற்றித் தெளிவாகத் தெரியும். பழைய அறநூல்கள் அறிந்தவன், அறியாதவன் என்ற இருவரை மட்டுமே அறிந்திருந்தன. தன்னைப் பற்றி அறியாமலும் தன்னையொத்தவர்களைப் பற்றி அறிந்தும் இருக்கும் மூன்றாமவன் அவற்றின் பட்டியலில் இல்லை. அறிவு கூட்டத்திடமும் அறியாமை தனியாளிடமும் இருக்கும்போது பொறுப்பு எங்கே நிற்கும் என்பதில்தான் இந்தக் கேள்வியின் முழுக் கனமும் தங்கியிருக்கிறது.

இதற்கு ஆராயத்தக்க வழியொன்றை இஸ்லாமியச் சட்டநெறி வைத்திருக்கிறது. இந்நோயின் வரலாற்றில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட சமயமும் அதுவே. 1987ஆம் ஆண்டு ஹஜ் பயணத்தின்போது ஏ வகைக் கிருமி மக்காவில் நோயைப் பரப்பியது, ஊர் திரும்பியவர்களோடு பல நாடுகளுக்கும் சென்றது. அதன்பின் ஹஜ் பயணிகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டு மார்ச் மாத ஹஜ்ஜில், அன்று பெரும்பாலோர் போட்டிருந்த ஊசி தடுக்காத டபிள்யூ வகை தலைகாட்டியது. பயணிகளும் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுமாக 400க்கும் மேற்பட்டோர் பல நாடுகளில் நோயுற்றனர். அவர்களில் மக்காவைக் கண்ணால் காணாதவர்களும் இருந்தனர். ஹாஜி ஒருவர் ஊர் திரும்பும் நாளில் நடப்பதை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்: வாசலில் காத்திருக்கும் உறவினர் ஒவ்வொருவரும் அவரைக் கட்டித் தழுவி, முஸாஃபஹா என்று கைகொடுத்து, துஆ என்னும் பிரார்த்தனையைக் கேட்கின்றனர், குழந்தைகளைத் தூக்கி அவர் கையில் கொடுக்கின்றனர், மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரும் பேரீத்தம்பழமும் கைமாறுகின்றன. பாவங்கள் நீங்கி அன்று பிறந்த பாலகன்போல் வந்தவர் என்று அவரை நெருங்கும் அந்த அன்பே கிருமிக்கும் வழியாயிற்று. அடுத்த ஆண்டு ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளிலிருந்தும் காக்கும் ஊசி போட்டுச் சென்று சிங்கப்பூர் திரும்பிய பயணிகளைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதினைந்து பேரின் தொண்டையில் டபிள்யூ வகை இருந்தது. வீட்டாரில் சிலருக்கும் அது தொற்றியிருந்தது. அன்றைய ஊசி போட்டவரை நோயிலிருந்து காத்தது; அவர் சுமந்து வருவதை அது தடுக்கவில்லை.

தொற்று பற்றி நபிகள் நாயகத்தின் பெயரால் வரும் ஹதீஸ்கள் ஒன்றோடொன்று இழுபறி செய்வனபோல் தோன்றும். தொற்று என்பது இல்லை என்று ஒன்று சொல்கிறது. சொறி பிடித்த ஒட்டகம் மந்தையில் புகுந்தால் மற்றவற்றுக்கும் சொறி வருகிறதே என்று நாட்டுப்புற அரபி ஒருவர் கேட்க, முதல் ஒட்டகத்திற்குத் தந்தது யார் என்ற எதிர்க்கேள்வி விடையாக வருகிறது. நோயுற்ற மந்தையை நலமுள்ள மந்தையோடு சேர்க்காதீர் என்று மற்றொன்று சொல்கிறது. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்பது இன்னொன்று. உரையாசிரியர்கள் பலரும் இவற்றை இணக்கும் வழி இது: நோய்க்குத் தன்னளவில் பரவும் ஆற்றல் உண்டென்று நம்புவதை முதலாவது மறுக்கிறது, இறைவன் வைத்த காரண வழிகளை மதித்து நடக்கச் சொல்பவை மற்றவை. முதல் ஒட்டகத்தைப் பற்றிய கேள்வியை ஆய்வு நோக்கில் படித்தாலும் அது பொருளற்றதன்று. மெனிங்கோகாக்கஸைப் பொறுத்தவரை, முதலில் தந்தவர் யார் என்று பின்னோக்கித் தேடிப் போகிறவர் நோயாளியை எங்கும் சந்திக்கமாட்டார். நலமானவர்களின் முடிவற்ற வரிசையையே சந்திப்பார்.

அறியாமல் நேர்ந்த கொலைக்கு, குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 92ஆம் வசனத்தை அடியாகக் கொண்டு, சட்ட அறிஞர்கள் வகுத்த முறையில் இரண்டு கடமைகள் தனித்தனியே நிற்கின்றன. ஒன்று, இறந்தவரின் குடும்பத்திற்குச் சேர வேண்டிய இழப்பீடு. இது தியத் எனப்படும். மற்றொன்று கஃப்பாரா என்னும் பரிகாரம்; அடிமை ஒருவரை விடுவிப்பதும், அதற்கு வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதங்கள் நோன்பு நோற்பதும் அது. கவனிக்கத்தக்கது, இந்த இரண்டையும் சுமப்பவர்கள் வெவ்வேறானவர்கள் என்பதே. வேண்டுமென்று கொன்றவன் தன் சொத்திலிருந்தே ஈடு செய்ய வேண்டும். தவறுதலாகக் கொன்றவனுக்காக ஈடு செய்வது ஆகிலா என்னும் அவனுடைய தந்தைவழி உறவுக் கூட்டம். அவர்கள் அதைத் தமக்குள் பங்கிட்டு மூன்றாண்டுகளில் செலுத்துகின்றனர். இஸ்லாமியச் சட்ட நெறிகளுள் ஒன்றான ஹனஃபி நெறியில் இந்தக் கூட்டம் இரத்த உறவைத் தாண்டி, ஒரே படைப்பட்டியலில் பெயருள்ளவர்கள் வரை விரிந்தது. நோன்பை மட்டும் எவரும் அவனுக்காகப் பங்கிட்டுக்கொள்ள முடியாது.

குற்றமற்ற உறவினர்மேல் சுமை ஏற்றுவது நீதியா என்று இம்முறையை வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்பதுண்டு. கேள்வி தவறான இடத்தில் விழுகிறது. தவறுதல் என்பது யாருக்கு வேண்டுமானாலும் நேரக்கூடியது, இன்று நேர்ந்தவனும் நேராதவனும் அந்த ஆபத்தில் ஒரே நிலையில் உள்ளவர்கள் என்பதை ஏற்றுக்கொண்டால், விளைவின் பாரத்தைக் கூட்டம் தாங்குவதே பொருந்தும். குற்றம் என்ற ஒன்று இல்லாத இடத்தில் குற்றவாளியைத் தேடுவதற்கு மாற்றாக இழப்பைப் பங்கிடும் ஏற்பாடு அது. நாட்டிங்காம் விடுதியில் நின்றுபோன கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது: அறிவு கூட்டத்திடம் இருக்கிறதென்றால் கடனும் கூட்டத்தினுடையதே. தொண்டையில் கிருமியைச் சுமப்பதைப் பற்றி அந்தப் பழைய சட்ட அறிஞர்கள் எதுவும் எழுதியதில்லை. எழுதாமலே அதற்குரிய சட்டகத்தை அவர்கள் கட்டி வைத்திருந்தனர் என்று சொல்வது மிகையாகாது.

இந்தச் சட்டகம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமே சான்று. டைஃபாய்டு கிருமியை நலமாகவே சுமந்த சமையற்காரப் பெண் மேரி மாலன், நியூயார்க்கில் 1907 முதல் 1910 வரையும், மீண்டும் 1915இலிருந்து 1938இல் இறக்கும் வரையும் நார்த் பிரதர் தீவில் அடைத்து வைக்கப்பட்டார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படை முகாம்களில் மூளையுறை அழற்சி பரவியபோதும் வீரர்களின் தொண்டையைச் சோதித்துச் சுமப்பவர்களைப் பிரித்து வைக்கும் முறையே முதலில் கையாளப்பட்டது. ஆனால் மாலனிடம் நிலைத்துவிட்டதுபோல் மெனிங்கோகாக்கஸ் ஒருவரிடம் நிலைப்பதில்லை. இன்று பிரிக்கப்பட்டவர் அடுத்த மாதம் விடுபட்டிருப்பார், இன்று தூயவராக இருந்தவர் நாளை சுமப்பார். காட்டர்ஹாம் முகாமை ஆராய்ந்த குளோவர் என்னும் மருத்துவர், கட்டில்கள் நெருக்கமாகப் போடப்பட்ட கூடங்களில் சுமப்பவர் தொகை ஏறுவதையும், கட்டில்களுக்கு இடையே இரண்டரை அடி இடைவெளி விட்டபோது அது இறங்குவதையும் கண்டார். எந்த அளவு ஏறினால் நோய் வெடிக்கும் என்று அவர் கருதியது பின்னாளில் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. ஆனால் அவர் செய்தது மருத்துவத்தில் மட்டும் நிகழ்ந்த மாற்றமன்று. ஆளைப் பிரிப்பதை விட்டுக் கட்டிலை நகர்த்தியபோது, பழி வீரனிடமிருந்து கூடத்திற்கும், கூடத்தைக் கட்டியவர்களுக்கும் இடம் மாறியது.

இதே தெளிவு இன்றைய மருத்துவ நடைமுறையில் ஓசையின்றிக் குடிகொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்துவிட்டால், அவ்வீட்டாருக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு கூடுதல் என்பதால், அனைவருக்கும் ரிஃபாம்பிசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன் ஆகிய மருந்துகளில் ஒன்று தரப்படுகிறது. அதற்கு முன் எவருடைய தொண்டையும் சோதிக்கப்படுவதில்லை. சோதனை முடிவுக்குக் காத்திருப்பது வீண் தாமதம், அதன் விடையும் முழுமையாக நம்பத்தக்கதன்று என்பவை மருத்துவக் காரணங்கள். அந்தக் காரணங்களின் பக்கவிளைவாக வேறொன்றும் கிடைக்கிறது. தந்தையா, பாட்டியா, கல்லூரியிலிருந்து வந்த அண்ணனா, யாரிடமிருந்து குழந்தைக்குச் சென்றது என்பது என்றென்றைக்கும் தெரியாமலே போகிறது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டவர்களின் சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். தந்தவருக்கும் தராதவருக்கும் ஒரே நிறம். குடும்பம் முழுவதும் ஒரே மருந்தை விழுங்குவதில் ஆகிலாவின் சாயல் தெரிவது தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் அது பொருத்தமானது.

தடுப்பூசிகளின் வரலாறு இதை நாட்டளவில் காட்டுகிறது. பழைய ஊசிகளில் கிருமியின் சர்க்கரை உறை மட்டுமே இருந்தது. அந்த உறையை ஒரு புரதத்தோடு பிணைத்த புதுவகை ஊசிகள் தொண்டையிலும் கிருமியைத் தங்கவிடாமல் செய்தன. 1999இல் பிரிட்டன் சி வகைக்கெதிரான அத்தகைய ஊசியை இளையோருக்குப் பரவலாகப் போட்டது. ஓராண்டுக்குள் அவர்களிடையே சி வகையைச் சுமப்போர் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, ஊசி போடாதவர்களிடமும் நோய் குறைந்தது. ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும், இந்நோய் அடிக்கடி கொள்ளையாகப் பரவும் நிலப்பகுதிக்கென, புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்த மென்ஆஃப்ரிவாக் ஊசி, ஒன்று அரை டாலருக்கும் குறைந்த விலையில், 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கிக் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டபின், ஏ வகை அங்கே ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 1 முதல் 29 வயது வரை உள்ளவர்களே ஊசி போட்டுக்கொண்டனர். பயன் அவர்களோடு நிற்கவில்லை. ஆனால் பி வகைக்கான புரத ஊசியை 2017இலும் 2018இலும் தெற்கு ஆஸ்திரேலியாவில் 34,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே ஆராய்ந்தபோது, சுமப்போர் தொகையில் அது எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆகவே ஒரே பெயரில் வழங்கும் இரண்டு ஊசிகள் அறத்தின் நோக்கில் வேறு வேறானவை: ஒன்று தன் வீட்டுக்கு இடும் வேலி, மற்றொன்று ஊருக்குச் செலுத்தும் கடன். ஊசியை மறுப்பவரோடு வாதிடுவோர் இந்த வேறுபாட்டை மறைத்து, எல்லா ஊசியும் பிறரைக் காக்கும் என்று பொதுவாகச் சொல்வது நேர்மையாகாது.

இழப்பின் பாரம் இவ்வாறு பங்கிடப்பட்டபின் தனியாளுக்கு எதுவும் மிஞ்சுகிறதா என்பது எஞ்சும் கேள்வி. தமிழ் மரபில் இதற்கு மிகக் கடுமையான விடை மனுநீதிச் சோழனின் கதையில் இருக்கிறது. தேர்க்காலில் தானே வந்து புகுந்த கன்று இறந்தது. இளவரசனிடம் எண்ணமும் இல்லை, பெரிய புராணம் சொல்லும் வகையில் அசட்டையும் இல்லை. அமைச்சர்கள் மறைநூல் வழிப் பரிகாரத்தைச் சொன்னார்கள், அரசன் அதை மறுத்து மகன்மேல் தேரைச் செலுத்தினான். அரசனின் சார்பின்மைக்கு அக்கதை சான்றாகலாம். ஆனால் அறியாது நேர்ந்ததையும் அறிந்து செய்ததையும் அறநூல்கள் அரும்பாடுபட்டுப் பிரித்து வைத்த கோட்டை அது ஒரே வீச்சில் அழிக்கிறது. அமைச்சர்களின் பக்கம் நிற்பதற்கு இலக்கியச் சுவை இடந்தராது, சட்டம் இடந்தரும்.

மறுகோடியில், எண்ணமில்லை, குற்றமில்லை, எனவே எதுவுமே இல்லை என்று நிறுத்திவிடுவதும் மனிதரின் அனுபவத்தோடு ஒட்டவில்லை. பிரிட்டிஷ் மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எடுத்துக்காட்டிய லாரி ஓட்டுநர், தன் பிழை ஏதுமின்றி ஒரு குழந்தைமேல் வண்டியை ஏற்ற நேர்ந்தவர்; அருகில் நின்று பார்த்தவரின் வருத்தமும் அவருடைய வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது, அவ்வளவு எளிதில் தேறிவிட்டால் அவரைப் பற்றியே ஐயம் எழும் என்று வில்லியம்ஸ் கருதினார். குற்ற உணர்வுக்கும் வெறும் துயரத்துக்கும் இடைப்பட்ட அந்த உணர்வுக்கு அவர் இடம் கண்டுபிடித்தார், ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு வழி சொல்லவில்லை. கஃப்பாரா அந்த வழியைச் சொல்கிறது. அறுபது நாள் நோன்பு தண்டனையன்று. எண்ணமின்றியும் ஒருவரின் உடல் வழியாக ஓர் உயிர் போயிற்று என்பதை அந்த உடலே நாள் குறித்து ஏற்றுக்கொண்டு, ஒரு நாளில் முடித்துக்கொள்ளவும் இடந்தரும் ஏற்பாடு. முடிவே இல்லாத உறுத்தலுக்கு மாற்றாக அளவுள்ள ஒரு கடமையைத் தருவது சிறிய கருணையன்று.

ஆயினும் இக்கிருமியைப் பொறுத்தவரை இரண்டாம் பாதியான அந்தக் கஃப்பாராவைச் செயல்படுத்துவதற்கு ஆள் கிடைப்பதில்லை. நேரடியாகச் செய்தவர், காரணமாக மட்டும் இருந்தவர் என்று சட்ட அறிஞர்கள் பிரிப்பதுண்டு; 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட உஸ்மானியப் பேரரசின் மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு, காரணமாக மட்டும் இருந்தவர் வேண்டுமென்று செய்தாலன்றிப் பொறுப்பாகார் என்கிறது. ஹனஃபி நெறியில், பொதுவழியில் வெட்டிய கிணற்றில் வேறொருவர் விழுந்து இறந்தால், வெட்டியவருக்காக ஆகிலா ஈடு செய்யும். அவர்மேல் கஃப்பாரா இல்லை. இருமலில் தெறித்த நீர்த்துளி நேரடிச் செயலா, பொதுவழியில் வெட்டிய கிணறா என்று ஒருவர் வாதிடலாம். எதுவாயினும், துளி எவருடையது என்பது முதலில் தெரிய வேண்டும். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பதும், ஒருவர் கடனற்றவர் என்பதே தொடக்க நிலை என்பதும் அதே மஜல்லா தன் முகப்பில் வைத்த விதிகள். ஆகவே, பயணத்திலிருந்து திரும்பிய சில நாள்களில் வீட்டில் குழந்தை இறந்துபோன ஒரு முதியவர், தம் தொண்டையிலிருந்தே அது சென்றிருக்குமோ என்று அறிஞரிடம் கேட்பாரானால், இந்த விதிகளின்படி அவருக்கு வரும் விடை, உங்கள்மேல் கஃப்பாரா கடமையில்லை என்பதாகவே இருக்கும். உபரியாக நோன்பு நோற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதற்கான நிய்யத்தை, அதாவது நோன்பின் நோக்கத்தை, என்னவென்று வைப்பது என்பதை மட்டும் அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.